கொடையாய் வந்த சீட்டும் கூறுபடாத நட்பும்

(அமீர்பேட்டில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ ஒரு பரிசுச் சீட்டு. இஃது மேடைக்குரிய பொருளா என்று சிலர் வினவக்கூடும். இவ்வூர் விடுதி அறையொன்றில் இரு நண்பர்களைப் பிரித்துவிட்ட பொருள் என்பதால், இதனைப் பேசுவது நம் கடமை என்றே கருதுகிறோம்.

நிகழ்ந்தது சிறிய செய்திதான். நாகர்கோவிலுக்குச் சென்று திரும்பிய இளைஞர் ஒருவர், வழியில் திருவனந்தபுரத்தில் இரண்டு கேரளப் பரிசுச் சீட்டுகளை வாங்கினார். ஒன்றைத் தமக்கென வைத்துக்கொண்டு, மற்றொன்றை அறைத் தோழரிடம் அன்புடன் கொடுத்தார். கொடுத்த சீட்டுக்கு 5,000 ரூபாய் விழுந்தது. தாம் வைத்திருந்த சீட்டுக்கு ஒன்றும் விழவில்லை. உறவினர் ஒருவர் வழியாகப் பணமும் கைக்கு வந்து சேர்ந்தது. பெற்றவர் பாதியைக் கொடுக்க எண்ணியிருந்தாராம். எனினும், இன்று நாளை என்று காலம் கடத்தினார். கொடுத்தவர் கேட்க எண்ணவில்லையாம். எனினும், தோழர் வாய் திறவாததை மனத்தில் வைத்துப் புழுங்கினார். ஒரு திங்கள் கழிவதற்குள் ஒருவர் அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்றாண்டு நட்பின் விலை 2,500 ரூபாய் ஆயிற்று!

இதில் யார் பக்கம் நியாயம்? முதலில் சட்டத்தைக் கேட்போம். கொடை என்பது கைம்மாறு பெறாமல் மனமுவந்து கொடுப்பது. மற்றவர் அதனை ஏற்றுக்கொண்டபின், கொடுத்தவர் தம் விருப்பம் ஒன்றையே காரணமாகக் காட்டித் திரும்பப் பெற இயலாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறும் நெறி இது. ஆகவே சீட்டு பெற்றவருடையது, பரிசும் அவருடையதே. சட்டத்தின் விடை இத்துடன் முடிகிறது. அறத்தின் வினா இங்கேதான் தொடங்குகிறது.

சட்டத்தை மட்டுமே நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்று உண்டு. அங்கே அலபாமா மாநிலத்தில், நம் தெலங்கானாவைப் போலவே, பரிசுச் சீட்டு விற்பனை இல்லை. 1999-ஆம் ஆண்டில், கிராண்ட் பே என்னும் ஊரின் உணவகத்திற்கு வழக்கமாக வரும் ஒருவர், அண்டை மாநிலமான புளோரிடாவிலிருந்து சீட்டுகள் வாங்கி வந்து பணிப்பெண்களுக்குக் கொடுத்தார். ஒருத்தியின் சீட்டுக்கு ஒரு கோடி டாலர் விழுந்தது. பரிசு விழுந்தால் பங்கிட்டுக்கொள்வோம் என்று பேசியிருந்தோம் என உடன் பணியாற்றியோர் வழக்குத் தொடுத்தனர். நடுவர் குழு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2000-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், அது சூதாட்டத்தைச் சார்ந்த ஒப்பந்தம், ஆதலால் செல்லாது என்று அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. சீட்டைக் கொடுத்தவரும் தமக்கு வண்டி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள் என்று வழக்காடினார். சிரித்த முகத்துடன் கொடுக்கப்பட்ட சீட்டு, ஒரே உணவகத்தில் உழைத்தவர்களை நீதிமன்றப் படிகளில் எதிரெதிரே நிறுத்தியது.

இதற்கு மறுதலையான காட்சியைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கேரளத்து ஆலுவாவில் சீட்டு விற்கும் பெண்மணி ஒருவரிடம் சில சீட்டுகள் விலைபோகாமல் எஞ்சின. தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில், "எனக்கு ஒன்றை எடுத்து வையுங்கள், பணம் பிறகு தருகிறேன்" என்றார். அச்சீட்டுக்கே ஆறு கோடி ரூபாய் விழுந்தது. சீட்டும் அவர் கையில்; விலைப் பணமும் வரவில்லை. எனினும் அன்றிரவே வாங்கியவர் வீடு தேடிச் சென்று சீட்டைக் கொடுத்து, தமக்குரிய 200 ரூபாயை மட்டும் பெற்றுக்கொண்டார். அங்கே ஒப்பந்தத் தாள் இல்லை. ஒரு சொல் மட்டுமே இருந்தது. அச்சொல்லே போதுமானதாயிற்று.

பரப்பனங்காடியில் 2023-ஆம் ஆண்டு, குப்பை சேகரிக்கும் பெண்கள் பதினொருவர் பணம் சேர்த்து 250 ரூபாய்ச் சீட்டு ஒன்றை வாங்கினர். ஒன்பதின்மர் 25 ரூபாய் வீதம் போட்டனர். அத்தொகைக்கும் வழியில்லாத இருவர் பன்னிரண்டரை ரூபாய் வீதம் போட்டனர். பத்துக் கோடி விழுந்தது. யார் பங்கு எவ்வளவு என்பது குலுக்கலுக்கு முன்பே தெளிவாக இருந்தமையால் பூசலுக்கு இடமில்லாமல் போயிற்று.

இவற்றினின்றும் நாம் கொள்ளும் முடிவு இதுவே. முன்னரே பங்கு பேசப்பட்டிருந்தால் அது கடன். தாள் இல்லை என்று சொல்லித் தப்புதல் கூடாது. ஒன்றும் பேசாமல் வந்த கொடையானால், கொடுத்தவர் கேட்கலாகாது. கேட்டால் கொடை வாணிகமாகிவிடும். பெற்றவரோ, அவர் கேட்கும்வரை காத்திருக்கலாகாது. பாதியோ, பத்தில் ஒன்றோ, அளவு அவரவர் நிலைமைக்கேற்ப அமையட்டும். ஆனால் முதற் செய்தி சீட்டைக் கொடுத்தவருக்கே செல்ல வேண்டும். அவ்விளைஞர் பரிசு விழுந்த அன்றே, "உம்மால் வந்தது, வாரும், இருவரும் பகிர்வோம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவ்வறையில் இன்றும் இருவர் இருந்திருப்பர்.

பெருந்தொகையானால் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பரிசுப் பணத்தில் 30 விழுக்காடு வருமான வரி உண்டு. எஞ்சியதிலிருந்து, உறவினரல்லாத நண்பருக்கு அளிக்கும் தொகை ஆண்டில் 50,000 ரூபாயைக் கடந்தால், அவரும் வரி செலுத்த நேரும். வாக்களிக்குமுன் கணக்குப் பார்த்தல் நன்று.

சீட்டு வாங்குமாறு எவரையும் நாம் தூண்டவில்லை. 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசு தொடங்கிய பரிசுச் சீட்டு, 2003-இல் தடை செய்யப்பட்டது. கூலிப் பணத்தைச் சீட்டில் இழந்த குடும்பங்களை நம்முள் பலர் கண்டதுண்டு. சூதினைக் கடிய ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவப் பெருந்தகை. ஆயினும் தானே கைக்கு வந்த சீட்டைப் பற்றிய வினாவிற்கு விடையை நாம் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்திலேயே தேட வேண்டும்.

ஊரை விட்டு வந்து, மொழி வேறான இம்மாநகரில் வாழும் நமக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கஞ்சி வைத்துத் தருபவர் யார்? அறைத் தோழர்தாம். பரிசு ஒரு முறை விழும். அத்தகைய தோழர் கிடைத்தல் அதனினும் அரிது. பிரிந்த அவ்விருவரும் இவ்வவையில் இருக்கின்றனர் என்று அறிகிறோம். பெயர் சொல்லப் போவதில்லை. விழா முடிந்து விருந்துக்கு அமரும்போது, அவர்கள் ஒரே பந்தியில் அடுத்தடுத்து அமர்ந்தால், இவ்வாண்டு விழா பயன் பெற்றது என்று மகிழ்வோம்.