குளிர்பொறியின் வடிகுழாய்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. அத்தகைய மேடையில் மொட்டைமாடிக் குழாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். ஆயினும், 2024ஆம் ஆண்டு சித்திரைக் கடைசியில் நம் காலனி மண்டபத்துப் புத்தக அறையில் கூரையிலிருந்து நீர் சொட்டி இரண்டு அலமாரி நூல்கள் நனைந்ததை அறிந்தவர் நகைக்கமாட்டார். தளத்தை இடித்துப் புதிதாகப் போடவேண்டும், வீட்டுக்கு வீடு பணம் திரட்டவேண்டும் என்று பேச்சு எழுந்தது. தளம் போட்டவர்மீதும் வாய்க்கு வந்தபடி பழி கூறப்பட்டது. தளத்தில் பழுதே இல்லை. பழுது முழுவதும் மாடியில் கிடந்த மெல்லிய குழாய் ஒன்றில் இருந்தது. அதனை எல்லோருக்கும் விளங்க எடுத்துரைக்குமாறு செயற்குழுவினர் பணித்தமையால் இங்கு நிற்கிறோம்.

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூருக்குத் தண்டுப் பகுதியில் பிழைப்புத் தேடிவந்த நம் முன்னோர், மின்விசிறியும் இன்றியே வாழ்ந்தனர். இன்று அந்நிலை இல்லை. 2016 ஏப்ரலில் இந்நகரின் வெப்பம் 39.2 பாகை செல்சியஸை எட்டியது. குளிர்பொறி நம் வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. அதனோடு அதன் நீரும் வந்துவிட்டது.

குளிர்பொறிக்கு நீர் ஏது என்று கேட்பாருண்டு. வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலார் 1902இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்திற்காக இப்பொறியை வகுத்தபோது, அவருடைய நோக்கம் மனிதரைக் குளிர்விப்பதன்று. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு விலகுவதைத் தடுப்பதே. காற்றைக் குளிர்ந்த சுருளின்மேல் செலுத்தினால், மோர்ச்செம்பின் புறத்தே முத்து முத்தாய் வியர்ப்பது போல, ஈரம் நீராகிச் சுருளில் படியும். ஆகவே ஈரம் நீக்குதல் இப்பொறியின் பிறவிக்குணம். (காகிதத்தைக் காக்கப் பிறந்த பொறி நம் புத்தகங்களை நனைத்ததை என்னென்பது!) ஒன்றரை டன் பொறி, தன் ஆற்றலில் நாலில் ஒரு பங்கை ஈரம் நீக்குவதில் செலவிட்டால், மணிக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் வடியும். மண்டபத்துப் பெரிய பொறிக்கோ குடக்கணக்கில் வரும்.

இந்நீர் சுருளின் கீழுள்ள தட்டில் விழுந்து, குழாய் வேலை செய்வோர் டிரெயின் பைப் என்று கூறும் வடிகுழாய் வழியே வெளியேறவேண்டும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மாடியில் நிறுத்தப்படும் பெரிய பொறிகள் பலவற்றில், விசிறி சுருளுக்குப் பின்னே நின்று காற்றை இழுக்கிறது. அதனால் தட்டு இருக்கும் இடத்தில் காற்றழுத்தம் வெளியிலிருப்பதைவிடச் சற்றுக் குறைவு. இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுகிறோமல்லவா? அதுபோலப் பொறி வடிகுழாயின் வழியே வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. உள்ளே பாய்கின்ற அக்காற்று, வெளியேற முயலும் நீரைத் தட்டிலேயே நிறுத்திவிடுகிறது. இதனைத் தடுக்கவே டிராப் என்னும் வளைவு வைக்கப்படுகிறது. அவ்வளைவில் எந்நேரமும் நிற்கும் நீர் காற்றை மறித்து, நீரை மட்டும் போகவிடும்.

வளைவு இருந்தால் மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். உறிஞ்சும் வலிமை 25 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவாயின், வளைவின் வெளிவாய் தட்டின் வாயைவிட 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். வளைவின் அடி அதற்குங் கீழே மேலும் 25 மில்லிமீட்டரேனும் இறங்கவேண்டும். நம் மண்டபத்து வளைவு விரற்கடை அளவே இருந்தது.

அதுவாவது ஈரமாய் இருந்ததா? 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நகரில் மழையே இன்றிக் கழிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். காற்று வறண்டிருந்தமையால் சுருளில் நீர் சுரக்கவில்லை. வெயிலில் வளைவின் நீரும் வற்றிப்போயிற்று. மே மாதத் தொடக்கத்தில் மாங்காய் மழை பெய்தது. காற்றில் ஈரம் ஏறியது. அவ்வாரமே மண்டபத்தில் கூட்டம் நிறைந்தது. நூற்றுக்கணக்கானோரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து சுருளில் நீராய்க் கொட்டின. வற்றிய வளைவின் வழியே காற்று உட்புக, தட்டு நிரம்பி வழிந்து, பொறியின் அடியிலிருந்த துளை வழியே தளத்தில் இறங்கியது. மழைநீர்தான் ஒழுகுகிறது என்று நாமெல்லாம் நம்பியது இயல்பே. மழையில்லாத நாளிலும் பொறி ஓடும்போது மட்டுமே சொட்டுகிறது என்பதைக் கவனித்துக் கூறியவர் நம் காவற்காரர், செயற்குழுவினர் அல்லர்.

குழாயிலும் குறையிருந்தது. பத்து மீட்டர் நீளக் குழாயை இரண்டே செங்கற்களின்மேல் கிடத்தியிருந்தனர். பி.வி.சி. குழாய் வெயிலில் இளகி நடுவே தொய்யும்; தொய்ந்த வயிற்றில் நீர் தேங்கும்; தேங்கிய நீரில் பாசியும் வழுவழுப்பான சேறும் வளரும். இப்போது மீட்டருக்கு ஒரு தாங்கி வைத்து, மீட்டருக்கு ஒரு செண்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்திருக்கிறோம். கிளாம்புகளை இறுக்கிப் பிடிக்கவில்லை. விடியற்குளிருக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 30 பாகை வேறுபாடு இருப்பின் பத்து மீட்டர்க் குழாய் ஏறத்தாழ 2 செண்டிமீட்டர் நீளும். நகர இடமின்றேல் இணைப்பு விரிந்துவிடும். வெயில் தாக்காதிருக்க வெள்ளை வண்ணம் பூசியாயிற்று. வளைவுக்கு அப்பால் காற்றுப்போக ஒரு நிமிர்ந்த குழாயும், வளைவின் தலையில் திருகித் திறக்கும் மூடியும் வைத்தாயிற்று. தட்டு நிரம்பினால் பொறியைத் தானே நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் ஒன்றும் உண்டு. தளத்தை இடித்திருந்தால் ஆகியிருக்கும் செலவில் இது மிகச் சிறு பங்கு.

குழாயின் முடிவை எங்கே விடுவது என்பதில்தான் நம்மிடையே நீண்ட வாதம் நடந்தது. சாக்கடைக் குழாயோடு நேரே இணைத்தால் நாற்றக் காற்று பொறிக்குள் புகும். தளத்திலேயே விட்டால் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். வீடுகளிலோ, பால்கனிக் குழாயைக் கீழ்வீட்டாரின் துணிக்கொடிமேல் விடும் வழக்கம் நம் காலனியில் இரண்டு குடும்பங்களைப் பேசாமல் வைத்திருக்கிறது. பெயர் சொல்லவேண்டியதில்லை.

இவ்வூரில் நீரின் அருமை நாம் அறியாததன்று. காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மும்முறை மேலேற்றப்பட்டு நம் குழாயை அடைகிறது. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்திற்கும் வண்டி கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. துபாயின் புர்ஜ் கலீபா மாளிகையில் குளிர்பொறி நீரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கேலன் திரட்டித் தோட்டத்திற்குப் பாய்ச்சுகின்றனர். நம் மண்டபத்து நீரும் இப்பொழுது மூடியிட்ட, கொசுவலை கட்டிய ஒரு தொட்டியில் விழுந்து, செடிகளுக்கும் தரை துடைக்கவும் உதவுகிறது. இதனைக் குடிக்கலாகாது, தூசியும் உலோகமும் நுண்கிருமியும் கலந்திருக்கும். இன்வெர்ட்டர் மின்கலத்தில் ஊற்றுவதும் தகாது. பாசி நீக்க மருந்திடும் நாளில் மட்டும், அந்நீர் செடிக்கோ மழைநீர்க் கிணற்றுக்கோ போகாமல் வேறாக எடுத்து ஊற்றிவிடவேண்டும்.

வளைவின் மூடியைத் திறக்கும் சாவி காவற்காரரிடம் இருக்கிறது. பங்குனி பிறந்ததும், பொறியை ஓட்டுமுன், அதைத் திறந்து ஒரு செம்பு நீர் ஊற்றவேண்டும். மழை வரும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீண்டும் ஊற்றவேண்டும். அடுத்த பங்குனிக்கு அப்பொறுப்பை ஏற்க இளைஞர் இருவர் வேண்டும். விழா முடிந்தபின் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.