வைகறையும் விடியலும்

(ஐப்பசித் திங்கள் அன்னாபிடேக நாளன்று திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



 நாள்தோறும் நம் கண்முன் நிகழ்ந்தும் நாம் காணாமலே கடந்து போகின்ற ஓர் அற்புதத்தைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இரவும் பகலும் சேர்ந்த ஒரு நாளை நம் முன்னோர் 60 நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த அறுபதையும் பப்பத்து நாழிகையாகப் பகுத்து மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுது ஆறு என்றனர். இப்பாடத்தை அடியேன் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன்.

பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் ஒருநாள், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வைகறைக்கும் விடியலுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டான். "இரவின் கடைசிப் பத்து நாழிகை வைகறை, பகலின் முதற் பத்து நாழிகை விடியல்" என்றேன். அவன் அமரவில்லை. "அது கணக்கு ஐயா. கண்ணால் பார்த்தால் எப்படித் தெரியும்?" என்றான். விடை தெரியாத எனக்குச் சினம் மூண்டது. "அதிகப்பிரசங்கி, உட்கார்!" என்று அதட்டிவிட்டேன். அப்பிள்ளையின் முகம் வாடியது இன்றும் நினைவில் நிற்கிறது. உண்மை யாதெனில், வைகறையை அடியேன் ஏட்டில் கண்டதுண்டு; வெளியில் வந்து நின்று கண்டதில்லை.

பணி ஓய்வு பெற்றபின் பொழுது நகரவில்லை. பள்ளி மணியோசைக்குப் பழகிய உடம்புக்கு ஒரு நாள் ஓராண்டாய்த் தோன்றியது. இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்ற ஏக்கம் மனத்தை அரித்தது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பவழமல்லி மரம் உண்டு. அதன் மலர்களைப் பொறுக்கித் தொடுத்துத் திருக்கோயிலுக்கு அளித்து வந்தவர் என் துணைவியார். முழங்கால் வலியால் அவரால் குனிய இயலாமற் போகவே, அப்பணி என்னிடம் வந்தது. "மண்ணில் விழுந்த மலர் இறைவனுக்கு ஆகுமா?" என்று கேட்டேன். "பவழமல்லிக்கு அந்த விலக்கு உண்டு. இவ்வளவு படித்த உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று அவர் சிரித்தார்.

முதல் நாள் வெயில் ஏறியபின் சென்றேன். மலர்களெல்லாம் துவண்டு கிடந்தன. மறுநாள் இருட்டிலேயே கூடையுடன் சென்று மரத்தடியில் நின்றேன். காற்று அசையவில்லை. நறுமணம் மட்டும் சூழ்ந்திருந்தது. ஒரு மலர் காம்பு கழன்று சுழன்று வந்து என் தோளில் விழுந்தது. பின்னர் ஒன்று, பின்னர் மற்றொன்று. கீழ்வானம் வெளுத்தபோது கிளைகள் வெறுமையாக இருந்தன. தரையோ வெண்பட்டு விரித்தாற்போல் இருந்தது. அம்மாணவனின் வினாவுக்கு விடை அன்றுதான் கிடைத்தது. மலர் கிளையை விட்டு நீங்கும் பொழுது வைகறை. நீங்கிய மலர் நம் கண்ணுக்குப் புலனாகும் பொழுது விடியல்.

மாலையில் மலர வேண்டும், வைகறையில் உதிர வேண்டும் என்று அந்த மரத்துக்குச் சொன்னவர் யார்? 1729ஆம் ஆண்டில் தே மைரான் என்னும் பிரான்சு நாட்டு அறிஞர் தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாமலே அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடிக்கொண்டன. உயிர்களின் உள்ளே இயங்கும் அந்தக் கடிகாரத்தின் நுட்பத்தைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்து கண்ட அறிஞர் மூவருக்கு 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒவ்வோர் உயிரின் உள்ளும் ஒரு நாழிகை வட்டிலை வைத்தவன் எவனோ, அவன் திருமுன்னர்தான் நாம் இப்போது அமர்ந்திருக்கிறோம்.

திருக்களர் திருத்தலத்தில் இந்தப் பவழமல்லியே தலமரம். ஓர் இரவே வாழும் மலர் அது. உதிர்ந்ததனால் அது வீணாகிவிடவில்லை. உதிர்ந்த பிறகுதான் இறைவன் திருவடியைச் சேர்கிறது. இதனை எண்ணியபோது ஓய்வு பெற்றவனின் ஏக்கம் என்னை விட்டு அகன்றது. பதவி என்னும் கிளையில் இருந்தபோது காணாதவற்றைக் காணவும், வணங்கவும், பிறர்க்குச் சொல்லவும் இறைவன் தந்த பொழுது இது என்று தெளிந்தேன்.

அன்பர்களே! நாளை ஒருநாள் மட்டும் வைகறையில் எழுந்து வெளியே வந்து நில்லுங்கள். மலரோ, பறவையின் முதற்குரலோ, ஏதேனும் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கும். உங்கள் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் வினா எழுப்பினால், விடை தெரியாவிடினும் அதட்டாதீர்கள்.

அன்று வினவிய அந்த மாணவரும் இன்று பணி ஓய்வை நெருங்கியிருப்பார். இந்நூல் அவர் கையில் கிடைக்குமானால் அவருக்கு ஒரு சொல்: தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. விடை சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. பொறுத்தருள்க.

திருச்சிற்றம்பலம்.