மைன்ஸ் பேராயர் படித்தவர்களுக்குக் கொடுத்த இரண்டு வேலைகள்



படித்தவர் கைக்கு அதிகாரம் வரும்போது அது எப்போது நிலைக்கிறது, எப்போது வெறும் காகிதமாகிப் போகிறது என்ற கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். விடை தேட ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஜெர்மானியப் பேராயரிடம் போவோம். பெர்தோல்ட் ஃபான் ஹென்னெபெர்க் 1484-இல் மைன்ஸ் நகரின் பேராயரானார். பூசைக்கும் ஆசிக்கும் மட்டும் உரிய பதவி என்று அதை எண்ணிவிட வேண்டாம். மைன்ஸ் பேராயர் தன் நிலப்பகுதிக்கு அரசர். வரி வாங்குவார், படை வைத்திருப்பார். புனித ரோமானியப் பேரரசின் மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேரில் அவர் ஒருவர். பேரரசின் முத்திரையும் ஆவணங்களும் அவர் பொறுப்பு. 1486-இல் மாக்ஸிமிலியனை மன்னராகத் தேர்ந்தெடுத்தவர்களில் பெர்தோல்டும் இருந்தார். பிறகு அந்த மன்னரோடு மல்லுக்கட்டுவதிலேயே அவர் ஆயுள் கழிந்தது.

அந்தப் பேரரசில் பிரபுவோடு பிரபு தனிப்போர் நடத்துவது குற்றமாகவே கருதப்படவில்லை. முறைப்படி ஓர் அறிவிப்பை அனுப்பிவிட்டால் போதும், எதிரியின் கிராமங்களைக் கொளுத்தலாம், மாடுகளை ஓட்டிச் செல்லலாம். எரிந்தது பெரும்பாலும் குடியானவனின் வீடுதான். 1495-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசின் மன்றம் கூடியது. இத்தாலியில் புகுந்த பிரெஞ்சு மன்னரை எதிர்க்கவும் துருக்கியரோடு போரிடவும் மாக்ஸிமிலியனுக்குப் பணம் அவசரமாக வேண்டியிருந்தது. பெர்தோல்டும் அவரோடு நின்றவர்களும், முதலில் சீர்திருத்தம், பிறகு பணம் என்றார்கள். மாதக்கணக்கில் பேரம் நடந்து, ஆகஸ்ட் 7 அன்று முடிவு வெளிவந்தது. தனிப்போர் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. சண்டையிடாதே என்று சொன்னால் மட்டும் போதாது, வழக்கைச் சொல்ல ஓர் இடமும் வேண்டும். அதற்காகப் பேரரசு உயர் நீதிமன்றம் உருவானது. மன்னர் போகும் ஊருக்கெல்லாம் பின்னாலேயே போகாமல், ஓரிடத்தில் அமர்ந்து விசாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தலைமை நீதிபதிக்குத் துணையாகப் பதினாறு பேர்; அவர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர்களாக இருக்க வேண்டும். வாளை நம்பி வாழ்ந்த ஒரு வர்க்கம், தன் வழக்கைப் பட்டதாரிகள் முன்னால் எழுத்தில் வைக்கும்படி ஆயிற்று.

பெர்தோல்டின் மற்ற கனவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரிடமும் வாங்குவதாக இருந்த பொது வரி சரியாக வசூலாகவில்லை. மன்னரைக் கட்டுப்படுத்த 1500-இல் அமைத்த ஆட்சிக்குழு இரண்டே ஆண்டுகளில் கலைந்தது. 1504 டிசம்பரில் அவர் இறந்தபோது, அரசியல் கணக்கில் தோற்றவராகவே போனார். நீதிமன்றம் மட்டும், இடம் மாறியும் இடையிடையே நின்றும், 1806-இல் பேரரசே முடியும் வரை நீடித்தது.

அதே மனிதர் படித்தவர்களுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். வோர்ம்ஸுக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1485-இல், அச்சு நூல்களைக் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். கூட்டன்பெர்க் அச்சுக்கலையைத் தொடங்கிய நகரம் மைன்ஸ். அந்தக் கலையைத் தெய்வீகமானது என்று ஆணை புகழ்கிறது. புகழ்ந்துவிட்டு, கிரேக்கம், லத்தீன் முதலிய மொழிகளிலிருந்து ஜெர்மனில் பெயர்க்கப்பட்ட எந்த நூலையும் தணிக்கை செய்யாமல் அச்சிடவோ விற்கவோ கூடாது என்கிறது. மீறினால் திருச்சபை விலக்கு, நூல்கள் பறிமுதல், நூறு பொற்காசு அபராதம். தணிக்கையாளர்கள் யார்? மைன்ஸ், எர்ஃபுர்ட் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள். ஃபிராங்க்ஃபுர்ட் சந்தைக்கு வரும் புத்தகங்களையும் பார்க்கச் சொல்லி அந்நகர மன்றத்துக்கு எழுதினார். ஆனாலும் ஜெர்மன் விவிலியங்கள் ஆக்ஸ்பர்க்கிலும் லூபெக்கிலும் அச்சேறிக்கொண்டேதான் இருந்தன.

ஆணையிட்டவர் ஒருவர், நம்பியதும் ஒரே வகைப் படிப்பாளிகளை. ஒன்று மூன்று நூற்றாண்டு நின்றது, மற்றொன்று பிடிப்பே இல்லாமல் போனது. என் வாதம் இதுதான்: நீதிமன்றத்தில் படித்தவரின் அறிவு, வழக்காடும் இருவரும் பயன்படுத்தக்கூடிய ஒரு விதிக்குள் வேலை செய்தது. தோற்றவனும் தன் வாதத்தை எழுத்தில் வைத்த பிறகே தோற்றான். அதனால்தான் பின்னாளில் கிராமத்தார் தங்கள் பிரபுவின் மேலேயே அங்கே வழக்குத் தொடுத்தார்கள். சூனியக்காரி என்று பிடிக்கப்பட்ட பெண்களுக்காக அங்கே முறையிட்டார்கள், உள்ளூர் விசாரணைகளை அந்த நீதிமன்றம் கண்டித்தும் இருக்கிறது. தணிக்கையில் படித்தவரின் அறிவு, அந்த அறையில் இல்லாத ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. சாதாரண ஆணும் பெண்ணும் புனித நூலின் பொருளைத் தாமாக உணர இயலாது என்பது ஆணையின் அடிப்படை. அந்தச் சாதாரண மக்களை யாரும் கேட்கவில்லை. வாசகர் அங்கே வழக்காளியே இல்லை.

இதை மறுப்பவர்கள் உண்டு. பெர்தோல்ட் மக்களுக்காகவா உழைத்தார், சிற்றரசர்களின் பங்கைப் பெருக்கத்தானே என்பார்கள். உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரான்கே போன்ற வரலாற்றாசிரியர்கள் அவருக்குச் சூட்டிய மகுடத்தைப் பிந்தைய வரலாற்றாசிரியர்கள் பெரிதும் இறக்கிவிட்டார்கள். ஆனால் சுயநலத்தோடு கட்டிய நடைமுறை, கட்டியவர் நினைக்காதவர்களுக்கும் கதவு திறந்தது என்பது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. நீதிமன்றம் ஆமை வேகம் என்பது இன்னும் கனமான மறுப்பு. 1772-இல் வெட்ஸ்லார் நகரில் அங்கே பயிற்சிக்குப் போன கவிஞர் கேத்தே, இருபதாயிரம் வழக்குகள் தேங்கிக் கிடந்ததைத் தன்வரலாற்றில் எழுதுகிறார். பல வழக்குகள் தொடுத்தவரின் பேரன் காலத்திலும் முடியவில்லை. இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை, தாமதம் அநீதிதான். ஆனாலும் வழக்கு நடக்கிற வரை ஊர் எரியவில்லை என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். மூன்றாவது மறுப்பு தணிக்கைக்குச் சார்பானது: பிழையான மருத்துவ நூல் உயிரைக் குடிக்காதா? குடிக்கும். அதற்குப் பேராசிரியர்கள் செய்திருக்க வேண்டியது, பிழையைச் சுட்டி நல்ல மொழிபெயர்ப்பைத் தாங்களே தருவது. அது கடினமான வேலை. தடை முத்திரை குத்துவது எளிது.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை மதிப்பீடு எழுதுவீர்கள், விண்ணப்பங்களை ஏற்பீர்கள் அல்லது தள்ளுவீர்கள், சான்றிதழில் கையெழுத்திடுவீர்கள். மேலே சொன்ன இரண்டு வேலைகளும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். முடிவால் பாதிக்கப்படுகிறவர் தன் எதிர்வாதத்தை வைக்க முடியுமா என்பதில்தான் வேறுபாடு கிடக்கிறது. எதிர்வாதத்துக்கு இடம் தராத பழக்கம் மைன்ஸில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1517-இல் துறவி மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்து எழுதிய தம் 95 கருத்துரைகளை அனுப்பியது, பெர்தோல்டின் இருக்கைக்குப் பின்னாளில் வந்த பேராயர் ஆல்பிரெக்டுக்கு. ஆல்பிரெக்ட் அவற்றை மைன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். டிசம்பரில் பேராசிரியர்கள் பதில் எழுதினார்கள்: போப்பாண்டவரின் அதிகாரத்தைத் தொடுகிற விஷயம், ரோமுக்கு அனுப்பி ஆராயச் சொல்வதே நல்லது. கருத்துரைகளில் உள்ள வாதம் சரியா, தவறா என்று விடை சொல்லும் பொறுப்பை அவர்கள் ஏற்கவில்லை. அதற்குள் அந்தக் கருத்துரைகள் லைப்சிக்கிலும் நியூரம்பெர்க்கிலும் பாசெலிலும் அச்சாகிவிட்டிருந்தன.