மட்டம் ஏறினால் என்ன பார்ப்பது?

(கழிவுநீரேற்று நிலைய ஊழியர் ஒருவர் மாலை வகுப்பில் பேசியது)



நான் கழிவுநீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டுபவன். "அங்கே உங்களுக்கு என்னதான் வேலை?" என்று போன வாரம் இந்த வகுப்பில் ஓர் அம்மா கேட்டார். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் வீட்டுக் கழிவுநீர் தெருவுக்கு அடியில் உள்ள குழாயில் போகிறது. குழாய் சரிவாக இருக்கும். சரிவில் தண்ணீர் தானாக ஓடும். ஆனால் மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் இயற்கையான சரிவு போதாது. குழாயை மேலும் மேலும் சரித்துக்கொண்டே போனால் அது பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் நடுநடுவே ஆழமான கிணறு கட்டுகிறார்கள். கழிவுநீர் அதில் வந்து விழும். பம்ப் அதை மேலே ஏற்றி, அடுத்த குழாய்க்குத் தள்ளும்.

மட்டம் ஏறினால் பம்ப் ஓட வேண்டும். இறங்கினால் நிற்க வேண்டும். மட்டத்தைக் காட்ட மிதவை உண்டு. சுரைக்காய் மாதிரி இருக்கும். ஒயரில் தொங்கும். தண்ணீர் தூக்கினால் சாயும். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் வேலை செய்யும். சில நிலையங்களில் ஒலிக் கருவி உண்டு. அது மேலே இருந்து, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும். திரும்பிய நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும். அறையில் உள்ள பலகையில் அந்த எண் தெரியும்.

காலையில் ஊரே குளிக்கும், துவைக்கும். மட்டம் வேகமாக ஏறும். நடு இரவில் வரத்து குறையும். மழை பெய்தால் எந்த நேரமும் ஏறும். காலை 7 மணிக்கு எண் அசையாமல் நின்றால் எனக்குக் கருவி மேல்தான் சந்தேகம் வரும்.

எண் விபரீதமாக இருந்தால் முதல் கேள்வி இதுதான். தண்ணீர் உண்மையில் ஏறியதா, கருவி பொய் சொல்கிறதா? நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும். மேலே நின்றபடி டார்ச் அடிக்க வேண்டும். குண்டு கட்டிய கயிற்றை அடிவரை இறக்க வேண்டும். பலகை 4 மீட்டர் என்கிறது. கயிறு 2 மீட்டர்தான் நனைந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு கருவியில்.

ஏன் பொய் சொல்லும்? சோப்பு நுரை மிதந்தால் ஒலி சரியாகத் திரும்பாது. இரும்பு ஏணியில் பட்டுத் திரும்பினால், ஏணியைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். மிதவையில் எண்ணெய்ப் பிசுக்கும் துணியும் சுற்றிக்கொள்ளும். அது மேலே மாட்டிக்கொண்டால், கிணறு காலியானாலும் பம்ப் ஓடும். சூடேறிக் கெடும். கீழே சிக்கினால் பம்ப் ஓடவே ஓடாது. தெருவில் சாக்கடை பொங்கும்.

சரி, தண்ணீர் உண்மையிலேயே ஏறியிருக்கிறது. பம்பும் ஓடுகிறது. மட்டம் மட்டும் இறங்கவில்லை. பம்பின் சக்கரத்தில் துணியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கலாம். பக்கத்தில் நிற்கும் பம்பையும் பாருங்கள். அது பின்பக்கமாகச் சுற்றுகிறதா? அதன் வால்வு மூடவில்லை. இந்தப் பம்ப் ஏற்றும் தண்ணீர் அதன் வழியாகக் கிணற்றுக்கே திரும்புகிறது.

என்னை அதிகம் ஏமாற்றியது வேறொன்று. பலகையில் மட்டம் குறைவு. கயிறும் குறைவு என்றே சொல்லும். ஆனால் தெருவில் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை வருகிறது! கிணற்றுக்கு முன்னால் ஒரு கம்பிச் சல்லடை உண்டு. அது குப்பையால் அடைத்துவிட்டது. தண்ணீர் கிணற்றுக்கு வந்தால்தானே மட்டம் ஏறும்? மட்டம் குறைவு என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். தெருவாசிகள் வந்து கத்திய பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் காலை மிதவை சிக்கிக்கொண்டது. பம்ப் ஓடவில்லை. என்னோடு இருந்த தம்பி வேட்டியை மடித்துக் கட்டினான். "அண்ணே, இறங்கி ஒரு நிமிஷத்தில் எடுத்து விடுகிறேன்" என்றான். ஏணியில் ஒரு காலையும் வைத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

கிணற்றில் விஷ வாயு இருக்கும். காற்றை விடக் கனமானது. அடியில் தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்பு உடையும் கருவியும் இல்லாமல் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தம்பிக்குக் கோபம். "தெருவில் பொங்குதே அண்ணே!" என்றான். "பொங்கட்டும்" என்றேன். முதலில் பம்பைக் கையால் ஓட்டும் ஸ்விட்சைப் போட்டோம். மட்டம் இறங்கியது. பிறகு நீளக் கழியில் கொக்கி கட்டி மிதவையை மேலே இழுத்தோம். பழைய சேலைத் துண்டு ஒன்று மூன்று சுற்று சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்துப் போட்டோம். எல்லாம் கால் மணி நேர வேலை.