ஆவி தரும் வடிவம்

சீருடைக்குப் பெயர்பெற்ற ஊர் ஆவடி. இங்குள்ள படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கப்பட்டது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் சீருடை அணியும் என்.சி.சி. மாணவர்களுக்கு, புதிதாக வாங்கிய கம்பளி பெரட் தொப்பி தலையில் படியாமல் உப்பி நிற்பதுதான் கவலை. அதைப் படியவைக்கத் தனிச் செலவே வேண்டாம். வீட்டு இட்லிப் பானை போதும்.

கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஈரமும் சூடும் பட்டால் அதன் உட்பிணைப்புகள் தளரும். உலர்ந்து ஆறும்போது, வைத்த வடிவத்திலேயே இறுகிவிடும். தலைமுடியை நனைத்து வாரினால் படிவதும் இதனால்தான்.

பானையில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கையைச் சுட்டுக்கொள்ளாமல், இடுக்கியால் தொப்பியைப் பிடித்து, ஒரு சாண் உயரத்தில் அரை நிமிடம் ஆவி காட்டுங்கள். சூடு தணிந்ததும் தலையில் வையுங்கள். பட்டை நெற்றியில் நேராக இருக்கட்டும். சின்னம் இடக் கண்ணுக்கு மேலே வரட்டும். மிச்சத் துணியை வலப்பக்கம் இழுத்து, உள்ளங்கையால் நீவிவிடுங்கள். படிந்ததும் மெல்லக் கழற்றி, தலையளவு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் நிழலில் காயவையுங்கள்.

கொதிநீரில் முக்கிக் கசக்காதீர்கள், கம்பளி சுருங்கிவிடும். தோல் பட்டையையும் நனைக்காதீர்கள்.

பெற்றோர்களே, ஆவி காட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள். நீவிப் படியவைப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். சீருடையைப் பேணுவதும் பயிற்சியில் ஒரு பாடமே.