உயிருள்ள கற்கள்



இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ரீவோ என்ற துறவு மடம் பாழடைந்து நிற்கிறது. 1132இல் சிஸ்டெர்சியன் துறவிகள் நிறுவியது. 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மூடப்பட்டது; கூரையின் ஈயத்தைக்கூடப் பெயர்த்தெடுத்தார்கள். 1854இல் ரோஜர் ஃபென்டன் அங்கே படமெடுத்தார். இன்றும் பலர் கேமராவோடு செல்கிறார்கள். வானம் தெரியும் வளைவுகள், புல் முளைத்த ஆலயத் தரை எல்லாம் படத்தில் அழகாகவே வருகின்றன.

அங்கே வாழ்ந்த அன்பு படத்தில் வராது. 12ஆம் நூற்றாண்டில் அம்மடத்தின் தலைவராயிருந்த புனித ஏல்ரெட், நோயுற்ற காலத்திலும் தம் சிறிய அறையில் சகோதரர்களைக் கூட்டி உரையாடினார். ஆன்மிக நட்பைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது.

நாமும் ஆலயத்துக்கு வண்ணம் பூசுகிறோம், திருவிழாவில் படமெடுத்து உறவினருக்கு அனுப்புகிறோம். நல்லதுதான். ஆனால் ஒரே திருப்பலியில் நற்கருணை வாங்கியும் முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிகள் நம்மிடையே உண்டே! படுக்கையில் கிடக்கும் முதியவரை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? புனித பேதுரு நம்மையே உயிருள்ள கற்கள் என்கிறார். கற்களை இணைக்கும் சாந்து அன்புதான். அது உதிர்ந்தால், கூரை இருந்தும் நாம் இடிபாடுகளே.

இந்த வாரம் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுவோம். அதற்கான மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.