கொடியும் கயிறும் ஊர்ப் பெயரும்

(காஞ்சிபுரத்தில் கல்லூரி மாணவர்களும் ஜமாஅத் பெரியவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத வாசகர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

  

முதலில் என் தவறு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். பிறகு மற்றவர்களைப் பற்றிப் பேசுகிறேன். அதுதான் முறை.

என் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. வீடு கேட்டு ஒரு பையன் வந்தான். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படிக்கிறானாம். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டேன். "திருநெல்வேலி பக்கம்" என்றான். அடுத்த நொடியே என் வாயிலிருந்து வந்த பதில், "வீடு ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு தம்பி." பொய்! அப்பட்டமான பொய்! அதைச் சொன்ன பிறகுதான் அவன் மணிக்கட்டில் இருந்த வண்ணக் கயிற்றைக் கண்டேன். 'நல்லவேளை, சரியாகத்தான் சொன்னோம்' என்று மனசுக்குள் நியாயமும் கற்பித்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "எங்க ஊரு பக்கம் வந்திருக்கியளா பாய்?" நான் போனதில்லை. எனக்குத் தெரிந்த திருநெல்வேலி, சினிமாவில் பார்த்த அரிவாளும் பத்திரிகையில் படித்த கொலைச் செய்தியும்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என்ன தெரியுமா? 1998ஆம் ஆண்டு, கோவைக் குண்டுவெடிப்பு நடந்த சில வாரங்களில், வேலையாகச் சென்னை போயிருந்தேன். ஒரு விடுதியில் அறை கேட்டேன். இருக்கிறது என்றார்கள். பதிவேட்டில் என் பெயரை எழுதியதும், அறை இல்லை என்றார்கள். அந்த ராத்திரி முழுவதும் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைப் பார்த்து அவர்கள் என்ன செய்தார்களோ, அதையே அவன் ஊர்ப் பெயரைக் கேட்டு நான் செய்திருக்கிறேன்!

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அவன் கையில் இருந்த கயிறு. இன்னொன்று, என் மனதில் இருந்த முத்திரை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த உரையின் நோக்கம்.

கயிறு என்ன சொல்கிறது?

தென் மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் நிறத்துக்கு ஒரு சாதி என்று மாணவர்கள் கயிறு கட்டுவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்தது. பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் கைவிரித்துவிட்டார். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர், அவருடன் ஒரே பள்ளியில் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் மாதம் அறிக்கை வந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளிக்குள் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

"கயிறு கட்டுவது எங்கள் மரபு, எங்கள் பெருமை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுவதில்லை. அமெரிக்காவிலும் எழுந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள், அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தனிநாடு கேட்டு 1861 முதல் 1865 வரை போரிட்டுத் தோற்றன. அந்தப் படைகள் ஏந்திய கொடி ஒன்று உண்டு. சிவப்புத் துணியில் நீலப் பெருக்கல் குறி, அதில் வெள்ளை நட்சத்திரங்கள். "இது எங்கள் பாட்டன்மாரின் வீரச் சின்னம்" என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். ஆனால் தென் கரோலினாவின் சட்டமன்றக் கட்டிடத்தின் மீது அது ஏறிய ஆண்டு எது? 1961! போரின் நூற்றாண்டு என்று காரணம் சொன்னார்கள். கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கியிருந்த காலமும் அதுவே. மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்ற சிறிய கல்லூரி நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர வந்தபோது கலவரம் வெடித்து இருவர் மாண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் அந்தக் கொடி ஆண்டுக்கணக்கில் அசைந்துகொண்டிருந்தது. தன் சொந்தக் கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவன் அந்தக் கூட்டத்தின் நடுவே எப்படி உட்கார்ந்திருப்பான்? எண்ணிப் பாருங்கள்!

1997இல் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு வழி கண்டது. கொடியைத் தடை செய்யவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, மைதானத்துக்குள் குச்சி கொண்டுவருவதைத் தடை செய்தது! குச்சி போனது, கொடியும் குறைந்தது. ஆனால் தென் கரோலினாவில் சட்டமன்ற வளாகத்தை விட்டு அந்தக் கொடி இறங்க ஒன்பது உயிர்கள் போக வேண்டியிருந்தது. 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் வேதம் படித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்கள் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இன வெறியன் சுட்டுக் கொன்றான். அந்தக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன. ஜூலை 10ஆம் நாள் கொடி இறக்கப்பட்டது. மிசிசிப்பி தன் மாநிலக் கொடியிலிருந்து அந்தச் சின்னத்தை நீக்கியது 2020இல்.

அங்கே சார்ல்ஸ்டன், இங்கே நாங்குநேரி. இரத்தம் சிந்திய பிறகுதான் அறிவு வர வேண்டுமா, சகோதரர்களே?

நாமும் இழந்த ஒரு பெயர்

அதே 1997இல் தமிழகத்தில் என்ன நடந்தது? விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு விடுதலை வீரரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. முடிவில் அன்றைய கலைஞர் அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டது.

நம் காஞ்சிபுரம் அப்போதுதான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் நாம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தோம். நம் ஊர்ப் பேருந்திலும் எம்.ஜி.ஆர். பெயர்தான் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. இளைஞர்களுக்குத் தெரியாது. நாகப்பட்டினம் அன்று 'நாகை காயிதே மில்லத் மாவட்டம்'! கண்ணியமிக்க காயிதே மில்லத்தின் பெயரும் அந்த ஒரே ஆணையில் போயிற்று. வலித்தது, மறுக்கவில்லை. ஒருவர் பெயரைச் சகிக்க முடியாத சிலருக்காக எல்லார் பெயரையும் எடுத்தது நியாயமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனாலும் பெயர்ப்பலகை போனதால் காயிதே மில்லத் சிறுத்துவிட்டாரா? இல்லையே!

தெற்கு என்றால் வெறியா?

இனி என் மனதில் இருந்த முத்திரைக்கு வருகிறேன். "தென் மாவட்டத்துக்காரனா? சாதி வெறியன்!" என்று வடக்கே இருக்கும் நாம் சொல்கிறோம். நம் கை சுத்தமா? 2012 நவம்பரில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட தருமபுரி நத்தம் தெற்கிலா இருக்கிறது? 2013 ஏப்ரலில் மாமல்லபுரம் விழாவுக்குப் போகும் வழியில் மரக்காணத்தில் கலவரம் நடந்ததே, அது எந்தத் திசை? அவ்வளவு தூரம் போவானேன்! நம் பழைய மாவட்டத்தில் காரணை என்ற ஊர். பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது காவல்துறை சுட்டு இருவர் உயிரிழந்தார்கள்.

தெற்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1939இல் தாழ்த்தப்பட்டோரை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் நடந்தது மதுரையில். தன்மானம் கேட்டு நின்றதற்காக 1957இல் உயிர் கொடுத்த இம்மானுவேல் சேகரன் இராமநாதபுரச் சீமைக்காரர். அமெரிக்காவிலும் இதே கதைதான். கொடி பிடித்தவர்களும் தென்னாட்டார், அந்தக் கொடியின் கொடுமையை எதிர்த்து நின்ற மார்ட்டின் லூதர் கிங்கும் தென்னாட்டார். வெறி எல்லாம் தெற்கில்தான் என்று பேசிய வடக்கிலோ, பாஸ்டன் நகரில் 1974இல் கறுப்பினக் குழந்தைகள் போன பள்ளிப் பேருந்துகள் மீது கல் விழுந்தது!

ஆகவே, கொடி தவறு என்று சொல்வது வேறு. அந்தக் கொடி பறக்கும் மண்ணில் பிறந்தவன் எல்லாம் கெட்டவன் என்பது வேறு. முன்னது நீதி, பின்னது அநீதி. 'முஸ்லிம் என்றால் தீவிரவாதி' என்ற முத்திரையைச் சுமந்து களைத்த நாம், அதே மையை எடுத்து இன்னொருவர் நெற்றியில் குத்தலாமா?

மூன்று கேள்விகள்

"அப்படியானால் கயிற்றுக்கு ஒரு நியாயம், ஹிஜாபுக்கு ஒரு நியாயமா?" என்று கூட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. 2022இல் கர்நாடகத்தில் நம் பெண்பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் அந்த ஆண்டு அக்டோபரில் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். எந்த அடையாளத்தையும் மூன்று கேள்விகளால் எடை போடுங்கள்.

ஒன்று, இது எப்போது, எதற்காக அணியப்படுகிறது? படைத்தவனுக்குக் கீழ்ப்படியவா, பக்கத்தில் இருப்பவனை மிரட்டவா? இரண்டு, இதைக் கண்டு எதிரில் இருப்பவனுக்கு அச்சம் வருகிறதா? பிடிக்கவில்லை என்பது வேறு, அச்சம் வேறு. மூன்று, இதை அணியாதவனை அணிந்தவன் அடிக்கிறானா, ஒதுக்குகிறானா?

தலையில் முக்காடிட்ட பெண் யாரையும் மிரட்டவில்லை. அவளை மிரட்டத்தான் ஒரு கூட்டம் துண்டு போட்டுக்கொண்டு வந்தது. அதேபோல், பக்தியோடு ஒருவர் நெற்றியில் இடும் திருநீற்றையோ திலகத்தையோ நாம் எதிர்த்துப் பேசக் கூடாது. குழுவின் அறிக்கையில் அது இருந்தாலும், நமக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயம் கிடையாது. காரணையில் அம்பேத்கர் சிலை வைத்தவர்கள் யாரையும் ஒடுக்க வைக்கவில்லை. நாங்களும் மனிதர்கள் என்று சொல்ல வைத்தார்கள். சாதிக் கயிறோ மூன்று கேள்வியிலும் தோற்கிறது.

இந்தத் தராசில் நம்மையும் நிறுத்த வேண்டும். வரதராசப் பெருமாள் கோயிலில் வடகலையா தென்கலையா என்று நூறாண்டுக்கும் மேலாக வழக்கு நடப்பதைச் சொல்லி நம்மில் சிலர் சிரிக்கிறார்கள். தொழுகையில் விரலை அசைப்பதா கூடாதா என்று பள்ளிவாசலையே இரண்டாக்கிய நமக்குச் சிரிக்க என்ன தகுதி இருக்கிறது? அடுத்தவர் தெருமுனையில் வேண்டுமென்றே கொடிக்கம்பம் நடுவதும், கோயில் வாசலில் நின்று மோட்டார் சைக்கிளை முறுக்கிக் கோஷம் போடுவதும் எந்த மார்க்கம்? மக்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்பது நமக்குத் தரப்பட்ட பாடம். அறிந்துகொள்ள! அச்சுறுத்த அல்ல!

நம் ஊரையே பாருங்கள். சங்கர மடம், அதை ஒட்டிப் பள்ளிவாசல், எதிரே கடவுள் மறுப்பு வாசகத்தோடு பெரியார் சிலை. மூன்றும் ஒரே சாலையில் நிற்கின்றன. ஒன்றைப் பெயர்த்தால்தான் இன்னொன்று நிற்கும் என்று இந்த ஊர் சாதாரண மக்கள் நினைக்கவில்லை.

ஆகவே சகோதரர்களே, மூன்று வேலைகள் இருக்கின்றன. வீடு வைத்திருப்பவர்கள் ஊர்ப் பெயரையோ சாதியையோ கேட்டு வாடகைக்கு மறுக்காதீர்கள். நம் பிள்ளைகள் கையில் எந்தக் கூட்டத்தின் கயிறும் ஏற விடாதீர்கள். கயிறு கட்டிய பையனைக் கண்டால் விரட்டாதீர்கள், பேசுங்கள்.

நான் பேசப் போனேன். விசாரித்து, வாலாஜாபாத் பக்கம் அவன் தங்கியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கயிற்றைப் பற்றியும் கேட்டேன். "பள்ளிக்கூடத்துல கட்டாம போனா தனியாள் பாய். தனியாளாப் போனா அடி விழும். அப்படியே பழகிட்டு" என்றான். மிரட்டுவதற்கான கயிறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பயந்தவன் கையிலும் இருந்தது. அன்று அவன் அதைக் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை. கயிறு இல்லாமலும் தனியாள் இல்லை என்ற நம்பிக்கையை யாராவது அவனுக்குத் தர வேண்டும். என் வாசலில் அவன் வந்து நின்ற நாளில் நான் அதைத் தந்திருக்கலாம். தவறவிட்டேன்.

உங்கள் வாசலுக்கு வருபவனிடம் நீங்கள் தவறவிடாதீர்கள்.